மலையகத்திலிருந்து பேசும்போது குரல் தெளிவாகக் கேட்க: லேண்ட் போனா, வாட்ஸ்அப் கோலா? முழுமையான வழிகாட்டி

குவைத்தில் வேலை செய்யும் என் தங்கை ஒரு நாள் மாலை வாட்ஸ்அப்பில் கோல் எடுத்து, "அம்மா, இருபதாயிரம் அனுப்பியிருக்கேன், அப்படியே கொண்டுபோய் அடகுக் கடையில கட்டிருங்க" என்றாள். அம்மாவுக்குக் கேட்டது அறுபதாயிரம். மறுநாள் மஸ்கெலியாவில் பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்து, வங்கியில் வரிசையில் நின்று, கவுண்டரில் இருபதுதான் இருக்கிறது என்று சொன்னதும் அம்மா அங்கேயே அழுதுவிட்டார். மிச்ச நாற்பதை யாரோ எடுத்துவிட்டார்கள் என்ற பயம்.

அன்று இரவு அந்த இரண்டு சொல்லையும் நான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். இருபது. அறுபது. முதல் எழுத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது "ருபது", "றுபது". நம் வாயில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். தங்கை சரியாகத்தான் சொன்னாள், அம்மாவின் காதிலும் குறை இல்லை. நடுவில் அந்த ஒரு எழுத்து மட்டும் விழுந்துவிட்டது.

ஹட்டனில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் வைத்திருக்கிறேன். வாரம் தவறாமல் யாராவது வந்து, "அண்ணே, வாட்ஸ்அப்ல பேசினா குரல் வெட்டுது, லேண்ட் போன்ல பேசினா யாரோ கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு, எது நல்லது?" என்று கேட்பார்கள். இரண்டும் கெடும், ஆனால் வேறு வேறு விதமாகக் கெடும் என்பதுதான் என் பதில். உங்கள் வீட்டில் எது, எந்த இடத்தில் கெடுகிறது என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலும் காசு செலவில்லாமலே சரிசெய்யலாம். அதற்கு ஒரு மாலை நேரம், மறுமுனையில் ஒரு ஆள், ஒரு கடதாசி, ஒரு கடிகாரம் போதும்.

குரல் எப்படிக் கெடுகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் படிகளுக்குப் போனால் வீணாக ரௌட்டரை மாற்றிக்கொண்டிருப்போம். அதனால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

பழைய தொலைபேசிச் சேவை மனிதக் குரலில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் (ஒலி செக்கனுக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற அளவு) வரையான பகுதியை மட்டும்தான் எடுத்துச் செல்லும். எக்ஸ்சேஞ்சில் அந்தக் குரலை செக்கனுக்கு 8000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் பதிவார்கள். பெருக்கினால் செக்கனுக்கு 64 கிலோபிட். 1972இல் ஜி.711 என்ற பெயரில் உலகத் தரமாக வந்த இந்த முறை இன்றும் ஓடுகிறது. 3400க்கு மேலே உள்ளதெல்லாம் வெட்டுப்படும். ஸ, ஃப போன்ற மூச்சொலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. லேண்ட் போனில் ஒரு ஈமெயில் முகவரியைச் சொல்லும்போது "எஸ்ஸா, எஃப்பா?" என்று மறுபடி மறுபடி கேட்க வேண்டி வருவது இதனால்தான். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற அந்தக் குரலுக்கும் காரணம் இதுதான்.

ஆனால் அந்தக் குரலுக்கு ஒரு பெரிய பலம் இருந்தது. கோல் தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஒரு பாதை முழுவதும் உங்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். வேறு யாரும் அதில் குறுக்கே வர முடியாது. குரல் மங்கலாக இருக்கும், ஆனால் எழுத்து விழாது.

வாட்ஸ்அப் போன்ற இணையக் கோல் இதற்கு நேர்மாறு. அதில் பரவலாகப் பயன்படும் ஓபஸ் என்ற குரல் சுருக்க முறை 2012இல் தரமாக வந்தது. லைன் நன்றாக இருந்தால் 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நம் காதுக்குக் கேட்கக்கூடிய அத்தனையையும் அது கொண்டுவரும். அம்மா மூச்சு வாங்குவதும், தகரத்தின் மேல் மழை விழுவதும் கேட்கும். லைன் மோசமானால் செக்கனுக்கு 6 கிலோபிட் வரை சுருங்கிக்கொள்ளவும் அதற்குத் தெரியும்.

சிக்கல் வேறு இடத்தில். குரலைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறார்கள். ஒரு துண்டு வழக்கமாக 20 மில்லி செக்கன், அப்படியானால் செக்கனுக்கு 50 துண்டுகள். எல்லோருடைய வீடியோவும் படமும் போகிற அதே ரோட்டில்தான் இவையும் போக வேண்டும். சில துண்டுகள் பிந்தி வரும். கேட்கிற போன் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்க்கும். அதற்குள் வராவிட்டால் அந்தத் துண்டை விட்டுவிட்டு, முன்னால் கேட்டதை வைத்து ஊகித்து இடைவெளியை நிரப்பும். ஒரு துண்டு போனால் நமக்குத் தெரியவே தெரியாது. "இருபது" என்பதில் அந்த "இ" சொல்ல ஏறக்குறைய ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அது ஐந்து துண்டு. ஐந்தும் சேர்ந்து விழுந்தால் இருபதை அறுபதாகக் கேட்க நன்றாகவே வாய்ப்பிருக்கிறது.

ஆகவே மூன்று குறைகள்: மங்கல், வெட்டு, தாமதம். லேண்ட் போனுக்கு மங்கல் நோய். இணையக் கோலுக்கு வெட்டும் தாமதமும்.

தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பக்கக் குரல் மறுபக்கம் போய்ச் சேர 150 மில்லி செக்கனுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக ஓடும், 400ஐத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். "வெளிநாடு தூரம், அதனால்தான் பிந்துகிறது" என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். கொழும்பிலிருந்து குவைத் நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். கேபிள் எவ்வளவு சுற்றிப் போனாலும் அந்தத் தூரத்துக்கு ஆகும் நேரம் சின்னது. மிச்சத் தாமதம் பெரும்பாலும் நம் வீட்டுக்கும் டவருக்கும் நடுவிலோ, மறுமுனையில் இருப்பவரின் நெரிசலான வைஃபையிலோதான் உண்டாகிறது. சரிசெய்யக்கூடிய இடமும் அதுதான்.

படி 1: வீட்டில் இருப்பது எந்த லைன்?

"லேண்ட் போன்" என்று நாம் சொல்வது இன்று ஒரே பொருள் இல்லை.

போஸ்டிலிருந்து செம்புக் கம்பி நேராகப் போனுக்கு வந்தால் அது பழைய லைன். அதற்கு எக்ஸ்சேஞ்சே சுமார் 48 வோல்ட் மின்சாரம் தருகிறது. வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் பேசலாம். கம்பியில்லாத கோட்லெஸ் போன் வைத்திருந்தால் மட்டும் அதன் அடிக்கட்டைக்குக் கரண்ட் வேண்டும்.

போன் கம்பி ஃபைபர் ரௌட்டரின் பின்னால் செருகியிருந்தால், நம்பர் 051, 052 என்று தொடங்கினாலும் உங்கள் குரல் துண்டுகளாகத்தான் போகிறது. ஆனால் சேவை தருபவர் அந்தத் துண்டுகளுக்கு முன்னுரிமை கொடுப்பதால் பெரும்பாலும் வெட்டாது. கரண்ட் போனால் ரௌட்டர் அணையும், போனும் செத்துவிடும். ஃபைபருக்கு மாறிய பலருக்கு இது முதல் மின்வெட்டில்தான் தெரிய வருகிறது.

சிம் போட்ட பெட்டியில் செருகிய போன் என்றால் அது டவரை நம்பியிருக்கிறது. அதற்கும் கரண்ட் வேண்டும், சிக்னலும் வேண்டும்.

நான்காவது, கையில் இருக்கும் போனில் எடுக்கும் சாதாரண கோல். 2ஜியில் அது லேண்ட் போனைப் போலவே 3400 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 4ஜி வழியாகவே சாதாரண கோல் போகும் வோல்ட்டி என்ற வசதி ஓடினால் பொதுவாக 7000 ஹெர்ட்ஸ் வரை போகும். காதுக்கு இது பெரிய வித்தியாசம். செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய் 4ஜி கோலிங் அல்லது வோல்ட்டி என்று இருப்பதைப் போட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் அது இருந்தால்தான் முழுப் பலன்.

படி 2: ஒரு மாலைப் பரிசோதனை

மறுமுனையில் பேச ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முதலில் சாதாரண கோல், அப்புறம் வாட்ஸ்அப் கோல். இரண்டிலும் இதே மூன்றையும் செய்யுங்கள்.

எண் பட்டியல். அறுபது, இருபது, எழுபது, எண்பது, ஒன்பது, முப்பது, முந்நூறு, முந்நூற்றாறு என்று குழம்பக்கூடிய முப்பது எண்களை ஒழுங்கில்லாமல் எழுதி வைத்து, இடைவெளி விட்டு வாசியுங்கள். அவர் கேட்டதை எழுத வேண்டும், "என்ன?" என்று திருப்பிக் கேட்கக் கூடாது. முடிவில் ஒப்பிட்டுப் பாருங்கள். இது வெட்டைக் காட்டும். இடைவெளி முக்கியம். சில போன்கள் அமைதிக்குப் பிறகு வரும் முதல் ஒலியைச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். முதல் எழுத்து விழுவது அங்கேயும் நடக்கலாம்.

எழுத்துப் பட்டியல். எஸ், எஃப், எக்ஸ் கலந்து இருபது. இது மங்கலைக் காட்டும். லேண்ட் போன் பெரும்பாலும் இங்கேதான் தோற்கும்.

மாறி மாறி எண்ணுதல். நீங்கள் ஒன்று, அவர் இரண்டு, நீங்கள் மூன்று, இப்படி இருபது வரை. மற்றவர் சொன்னது காதில் விழுந்த உடனே அடுத்ததைச் சொல்ல வேண்டும். நீங்கள் ஒன்று சொன்னதிலிருந்து அவருடைய இருபது உங்கள் காதில் விழும்வரை எத்தனை செக்கன் என்று பாருங்கள். அதற்கு முன்பு வீட்டில் ஒருவரை எதிரே உட்கார வைத்து இதையே செய்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிரே பத்து செக்கன், கோலில் பதினான்கு என்றால் நான்கு செக்கன் கூடுதல். குரல் இருபது தடவை பயணம் செய்திருக்கிறது. நான்கை இருபதால் வகுத்தால் ஒரு பயணத்துக்கு 200 மில்லி செக்கன். கூடுதல் மூன்று செக்கனுக்குள் இருந்தால் நல்ல லைன். எட்டைத் தாண்டினால் ஒருவர் பேச்சில் மற்றவர் விழுந்துகொண்டே இருப்பீர்கள், வீட்டில் வீண் சண்டை வரும்.

காலையில் ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை செய்யுங்கள். ஊரே வீடியோ பார்க்கும் நேரத்தில் டவர் நெரியும், காலையில் வராத வெட்டு அப்போது வரும். மழை நாளில் மூன்றாவது தடவை செய்தால் இன்னும் நல்லது.

குரல் பதிவு அனுப்பிப் பார்த்து "லைன் தெளிவாகத்தானே இருக்கிறது" என்று முடிவு செய்யாதீர்கள். பதிவு முழுதாகப் போய்ச் சேரும்வரை விடுபட்ட துண்டுகளைத் திரும்ப அனுப்ப நேரம் இருக்கிறது. கோலில் அந்த நேரம் இல்லை.

படி 3: பழுது எந்தப் பக்கம்?

வெட்டு இருந்தால் முதலில் மூன்றாவது ஒருவருக்குக் கோல் எடுத்துப் பாருங்கள். அவரோடு நன்றாக இருந்தால் குறை உங்கள் பக்கம் இல்லை. குவைத்திலோ சவூதியிலோ ஒரே வைஃபையை இருபது பேர் பங்குபோடும் அறைகள் உண்டு. அங்கே வைஃபையை அணைத்துவிட்டு டேட்டாவில் பேசச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கம் என்றால் சிக்னலை அளக்க வேண்டும். கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு போனும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபௌட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் பலம் மைனஸ் எண்ணாகத் தெரியும். 4ஜியில் மைனஸ் 85 என்றால் அருமை. மைனஸ் 100 சமாளிக்கலாம். மைனஸ் 110ஐத் தாண்டினால் குரல் வெட்டும். மைனஸ் என்பதால் எண் சிறியதாக இருந்தால்தான் நல்லது.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே வீட்டைச் சுற்றி நடங்கள். அம்மா வீட்டில் நான் செய்தபோது உள் காம்பராவில் (உள் அறையில்) அடுப்புப் பக்கம் மைனஸ் 117. நடு அறையில் 111. இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்), ஜன்னல் ஓரத்தில் மைனஸ் 98. பன்னிரண்டு அடிகூட இல்லை. தகரக் கூரையும் கல் சுவரும் சிக்னலை அந்த அளவுக்குக் குடிக்கின்றன. மலைநாட்டில் டவர் எந்தப் பக்கம் என்பதுதான் பாதி விஷயம். மேட்டு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) நேராகத் தெரியும் டவர் பணிய லயத்துக்கு ஒரு மேட்டின் பின்னால் மறைந்திருக்கும். இரண்டு லயத்திலும் ஒரே சிம், ஒரே போன், ஆனால் ஒரு வீட்டில் கேட்கும், மற்றதில் கேட்காது. வேறு நிறுவனத்தின் டவர் எதிர் மலையில் இருக்கலாம். பக்கத்து வீட்டார் சிம்மை ஐந்து நிமிடம் வாங்கிப் போட்டு அதே இடத்தில் அளந்துவிட்டு முடிவெடுங்கள்.

பனியைக் குறை சொல்பவர்கள் உண்டு. போனுக்கும் டவருக்கும் நடுவே உள்ள அலைவரிசைகளைப் பனியோ மழையோ அவ்வளவாகத் தடுப்பதில்லை. மழை நாளில் நெட் விழுந்தால், டவருக்கும் டவருக்கும் இடையிலான மைக்ரோவேவ் இணைப்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், டவருக்குக் கரண்ட் போயிருக்கலாம். அதை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. செம்பு லைனில் மழைக்குக் கர கர என்று இரைந்தால் எங்கோ ஒரு ஜொயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. முறைப்பாடு செய்யும்போது "லைன் சரியில்லை" என்று சொல்லாமல், "மழை பெய்தால் இரைகிறது, வெயிலில் சரியாகிவிடுகிறது" என்று சொல்லுங்கள். வருபவர் எங்கே பார்க்க வேண்டும் என்பது அவருக்கு உடனே விளங்கும்.

படி 4: காசில்லாமல் சரிசெய்வது

எண் நன்றாக வந்த இடத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். இதைவிடப் பலன் தரும் திருத்தம் எனக்குத் தெரியாது.

கோல் நேரத்தில் அதே ரௌட்டரில் வேறு யாரும் படம், வீடியோ அனுப்பக் கூடாது. பெரிய கோப்பு ஒன்று மேலே ஏறும்போது குரல் துண்டுகள் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். கீழே இறக்குவதைவிட மேலே ஏற்றுவதுதான் கோலை அதிகம் கெடுக்கும். போன் தானாகப் படங்களை கூகுளில் சேமிக்கும் வசதியையும் அந்த நேரத்தில் நிறுத்தி வையுங்கள்.

வீடியோவை அணையுங்கள். முகம் பார்க்க ஆசைதான், முதல் ஐந்து நிமிடம் பாருங்கள். முக்கியமான பேச்சு வரும்போது குரல் மட்டும் போதும். வாட்ஸ்அப்பில் கோலுக்குக் குறைந்த டேட்டா என்ற தெரிவும் இருக்கிறது. பலவீனமான சிக்னலில் அதைப் போட்டால் குரல் கொஞ்சம் மங்கும், ஆனால் வெட்டு குறையும்.

டேட்டா செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். குரலுக்கு செக்கனுக்கு 32 கிலோபிட், துண்டுகளின் மேல் ஒட்டும் முகவரிக்கு 16 என்று வைத்தால், போக வர இரண்டும் சேர்ந்து 96. மணிக்கணக்கில் பேசினாலும் ஒரு மணிக்கு 45 எம்பிக்குள் அடங்கும்.

ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதைவிட வயர் வைத்த இயர்போன் நல்லது. புளூடூத் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். அண்ணன் தம்பி எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஸ்பீக்கரில் பேசும்போது மறுமுனையில் எதிரொலி வந்தால், சத்தத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் போய்விடும்.

செம்பு லைனில் இணையமும் இருந்தால், போனுக்கு முன்னால் இணையத்தின் இரைச்சலைப் பிரித்துவிடும் சின்ன ஃபில்டர் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் போனில் உஸ் என்ற இரைச்சல் ஓயாது.

காசு செலவழிப்பதென்றால் ஃபைபர் ரௌட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் ரௌட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டும் சின்ன பேட்டரிப் பெட்டி. 2022 மின்வெட்டுக் காலத்தில் எங்கள் கடையிலும் நிறையப் பேர் வாங்கினார்கள். ரௌட்டரின் அடியில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும், அதைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

படி 5: எதற்கு எந்தக் கோல்

ஆபத்து நேரத்தில் வாட்ஸ்அப்பைத் திறந்து நேரத்தை வீணாக்காதீர்கள். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. மூன்றும் சாதாரண கோலில்தான் போகும். 2014இல் மீரியபெத்தையில் மலை சரிந்ததையும், 2025 நவம்பரில் டித்வா புயலில் எத்தனையோ இடங்களில் தொடர்பே அற்றுப் போனதையும் நாம் பார்த்தவர்கள். டேட்டா நெரிந்து நிற்கும்போதும் சில நேரம் 2ஜி கோலும் எஸ்எம்எஸ்ஸும் போகும். செம்பு லைன் இன்னும் வேலை செய்யும் வீட்டில் அதை வெட்டிவிட அவசரப்படாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

வெளிநாட்டுப் பேச்சுக்கு, அந்த நாட்டின் சட்டத்தையும் பாருங்கள். துபாய் உள்ளிட்ட ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் கோல் தடுக்கப்பட்டிருக்கிறது. அங்கே போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகள்தான். அங்கிருந்து வாட்ஸ்அப் கோல் வராவிட்டால் உங்கள் போனில் பழுது தேடாதீர்கள்.

மனம்விட்டுப் பேச இணையக் கோல்தான். பிள்ளை அழுதுகொண்டு பேசுகிறாளா, தைரியம் காட்டுகிறாளா என்பது 3400 ஹெர்ட்ஸில் முழுதாகத் தெரியாது. காது மந்தமான பெரியவர்களுக்கும், லைன் நன்றாக இருந்தால், இணையக் கோலிலோ வோல்ட்டியிலோதான் சொல் பிரிந்து கேட்கும்.

காசு, மருந்தின் அளவு, திகதி, நம்பர் என்றால் எந்தக் கோலாக இருந்தாலும் இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள், மறுமுனையில் திருப்பிச் சொல்ல வையுங்கள். பிறகு அதையே எழுத்திலும் அனுப்புங்கள்.

அம்மாவின் இஸ்தோப்பு ஜன்னலுக்குப் பக்கத்தில், காலண்டருக்குக் கீழே ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறேன். 1990, 119, 117 பெரிய எழுத்தில். அதன் கீழே "இங்கே உட்கார்ந்து பேசவும்" என்று ஒரு வரி. போன வாரம் தங்கை பேசும்போது நான் அங்கே இருந்தேன். "ரெண்டு, அஞ்சு, சைபர், சைபர், சைபர். சொல்லுங்க அம்மா" என்றாள். அம்மா விரலை மடக்கி மடக்கி ஐந்தையும் திருப்பிச் சொல்லிவிட்டு, "சரி, இப்ப நீ சாப்பிட்டியா, அதைச் சொல்லு" என்றார்.